12 வருடமாக கம்பெனி சார்பில் வீடு கட்டுகிறோம்: தொடரலாமா, பணமாகக் கொடுத்துவிடலாமா?

மூன்றாம்தளம்:

எல்லோருக்கும் வணக்கம். கட்டட வேலையை உள்ளே இருந்து பார்த்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் 12 வருடமாக ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடு கட்டி வருகிறது. வருடத்துக்கு ஐந்து, ஆறு வீடு. இதுவரை 68 வீடு முடிந்திருக்கிறது. பணத்தில் பெரும்பங்கு எங்களுடையது. நிலம் பார்ப்பது, குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பது, கட்டுவது, தவணை வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீடு இனாம் கிடையாது. லாபம் வைக்காத விலையை வட்டி இல்லாமல் மாதாமாதம் குடும்பங்கள் கட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் பஸ்ஸில் போய் வேலை செய்துவிட்டு வருவோம்.

இந்த வருடம் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம் முடியப் போகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் இரண்டு பேச்சு ஓடுகிறது. ஒன்று, 'நாற்பது பேர் ஒரு நாள் வேலையை விட்டுப் போவதற்குப் பதில் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தால், தொழில் தெரிந்த ஆட்களே செய்வார்களே' என்பது. இன்னொன்று, 'வீடு கட்டியது போதும், இனி வருடத்துக்கு ஒரு நல்ல காரியம் என்று மாற்றி மாற்றிச் செய்வோம்' என்பது. இரண்டுக்கும் என்னிடம் உடனே பதில் இல்லை.

காரணம் போன வருடம் நான் பார்த்த ஒன்று. காலை முழுக்கச் செங்கல் சுமந்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கொத்தனார் என் கையில் கரணையைக் கொடுத்து வரிசையில் கல் வைக்கச் சொன்னார். பதினோரு கல் வைத்தேன். அவ்வளவு சந்தோஷம். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் நான் வைத்த கடைசி மூன்று கல்லை எடுத்து, கலவையைச் சுரண்டிவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். என் மனம் புண்படக் கூடாது என்று நாங்கள் கிளம்பும் வரை காத்திருந்தார் போலும்.

வருடம் ஒன்றாகிறது, அந்தக் காட்சி மனசை விட்டுப் போகவில்லை. நாங்கள் போவது அவர்களுக்கு உதவியா, இடைஞ்சலா? ஒரே கம்பெனி 12 வருடம் தொடர்ந்து வருவதும், 12 கம்பெனிகள் ஆளுக்கொரு வருடம் கொடுப்பதும், குடியேறும் குடும்பத்துக்கு ஒன்றுதானா? தெரிந்தவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

பேரேடு:

தொண்டு அமைப்புகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். கல், கலவை பற்றி எனக்குத் தெரியாது, அதை மற்றவர்கள் சொல்லட்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

இந்த அமைப்புகளுக்கு இரண்டு விதமாகப் பணம் வரும். ஒன்று, கையில் வந்துவிட்ட பணம். இன்னொன்று, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வரும் என்று எழுத்தில் இருக்கும் பணம். தொகை சிறியதாக இருந்தாலும் எனக்கு இரண்டாவதுதான் நிம்மதி தரும். நிலத்துக்கு முன்பணம் கொடுக்க அதை நம்பித்தான் கையெழுத்துப் போட முடியும். வருடக் கடைசியில் திடீரென்று வருகிற பெரிய தொகையை வைத்துக்கொண்டு நிலம் கிடைக்காமல் திண்டாடிய அமைப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, குடும்பங்கள் கட்டும் தவணை எங்கே போகிறது என்று விசாரியுங்கள். இப்படி வீடு கட்டித் தரும் ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி என்ற அமைப்பை 1976ல் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரில், மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கினார்கள். அதற்கு முன்பே பக்கத்தில் கொய்னோனியா என்ற பண்ணையில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்திருந்தார்கள். லாபமும் வட்டியும் இல்லாமல் வீட்டைக் கொடுப்பது, வரும் தவணையைத் தனி நிதியில் போடுவது, அந்த நிதியிலிருந்து அடுத்த குடும்பத்துக்குக் கட்டுவது. உங்கள் பங்காளி அமைப்பும் இதே வழியில் நடக்கிறது என்றால், ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வீட்டுக்காரர்கள் கட்டுவது சேர்ந்தால் வருடத்துக்கு ஒரு வீட்டின் விலை. 68 வீட்டுக்கு மூன்று வீட்டுக்கும் மேல் வருகிறது. கட்டுமானச் செலவு ஏறுவதும், சில தவணைகள் தாமதமாவதும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அப்படியும் வருடத்துக்கு ஒரு வீடாவது, ஒன்றரை வீடாவது உங்கள் பழைய பணத்திலிருந்தே எழும்பும். இந்த நிலைக்கு வர 12 வருடம் ஆகியிருக்கிறது. 'மாற்றி மாற்றிச் செய்வோம்' என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நீண்ட கூட்டுக்கு உதாரணம் கேட்டால், வேர்ல்பூல் கம்பெனி 1999லிருந்து ஹேபிடாட்டோடு இருக்கிறது. அமெரிக்காவில் அந்த அமைப்பு புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அடுப்பும் ஃபிரிட்ஜும் தரும் ஏற்பாடு. தான் செய்கிற பொருளையே கொடுப்பதால் தடையில்லாமல் ஓடுகிறது. த்ரைவன்ட் என்ற நிதி நிறுவனம் 2005லிருந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் சோப்பு முதலாளி லீவர் 1888ல் போர்ட் சன்லைட் என்று தொழிலாளர்களுக்கு அழகான ஊர் கட்டினார். ஆனால் வேலையோடு கட்டிப்போட்ட வீடு அது, வேலை போனால் வீடும் போகும். சாக்லேட் கம்பெனி நடத்திய ஜார்ஜ் கேட்பரி தன் போர்ன்வில் குடியிருப்பை 1900ல் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் வீடு என்றும் அவர் வைக்கவில்லை. கொடுத்தவர் கை வீட்டின் மேல் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவன். குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் நிறுவனம் தலையிடாமல் இருப்பது மிக நல்லது, அதை அப்படியே காப்பாற்றுங்கள்.

தூக்குக்குண்டு:

நான் சைட் சூப்பர்வைசர். கட்டட வேலைக்கு வந்து 22 வருஷம். அதுல 14 வருஷம் இந்த மாதிரி வீடுகள்தான். கம்பெனி பஸ் வந்து நிக்கறதும் கிளம்பறதும் எத்தனையோ பார்த்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த மூணு கல்லு. தங்கச்சி, அந்தக் கொத்தனார் உங்களுக்காகக் காத்திருந்தார்னு நெனைக்காதீங்க. அவருக்குக் காத்திருக்க நேரமே இருந்திருக்காது. சிமென்ட்டுல தண்ணி விட்டு அரைமணி நேரம் தாண்டுச்சுன்னா கலவை இறுக ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் கல்லைத் தட்டி நேராக்கினா, பார்க்க நேரா இருக்கும், அடியில பிடிப்பு விட்டுப்போயிருக்கும். அதனால ஈரம் இருக்கறப்பவே எடுத்து, பழைய கலவையை வழிச்சுட்டு, புதுசா வைக்கணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உளியைத்தான் எடுக்கணும். இதையே என் சொந்தத் தம்பி வைச்ச கல்லுக்கும் நான் செஞ்சிருக்கேன். மீதி எட்டுக் கல்லை அவர் தொடலை பாருங்க, அதையும் சேர்த்து ஞாபகம் வைச்சுக்கங்க.

நூல் கட்டி வைச்சாலும் செவுரு ஏன் சாயுதுன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. நூலு நேர்கோட்டைக் காட்டும். செங்குத்தைக் காட்டறது தூக்குக்குண்டு. குண்டோட அகலத்துக்குச் சரியா ஒரு கட்டை இருக்கும், அதுல கயிறு ஓடும். கட்டையைச் செவுத்து மேல அணைச்சுப் பிடிச்சு குண்டைத் தொங்க விடணும். கீழ குண்டு செவுத்தைத் தொட்டும் தொடாம நின்னா சரி. ஒட்டி உரசிச்சுன்னா செவுரு மேல போகப் போக உள்ள போவுது, இடைவெளி தெரிஞ்சா வெளிய தள்ளி வருது. இதைக் கண்ணு பழகறதுக்கே ஒருத்தனுக்கு மாசக்கணக்குல ஆகும். ஒரு நாள் வர்றவங்க கையில அதை எதிர்பார்க்கறது தப்பு. மூலைக் கல்லு, ஜன்னல் ஓரம், கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் இதெல்லாம் யாருக்கும் குடுக்க மாட்டேன்.

அப்ப நாப்பது பேர் வந்து என்ன பிரயோஜனம்? நேரா சொல்றேன், நாப்பது பேர் ஒரே நாள்ல வந்தா எனக்குச் சிரமம்தான். கையுறை, தலைக்கவசம், தண்ணி, நிழல், சாரத்து மேல யாரும் ஏறாம பார்த்துக்கற ஆளு, இதுலயே பாதி நாள் போயிடும். ஆனா பன்னெண்டு பதினஞ்சு பேர், நான் சொல்ற நாள்ல வந்தா, அது வேற. அஸ்திவாரம் ஏறி, அது மேல சுத்திப் போடற கான்கிரீட் பட்டை, பிளிந்த் பெல்ட்டும் போட்டப்புறம் உள்ள மண்ணு ரொப்பி, தண்ணி விட்டு, திமிசுக் கட்டையால இடிக்கணும். ஒவ்வொரு அடுக்கா இடிக்கணும், மொத்தமா கொட்டி மேல மட்டும் இடிச்சா ரெண்டு வருஷத்துல தரை உள்ள எறங்கும். அதுக்கு தொழில் தெரிய வேண்டியதில்லை, கையும் பொறுமையும் வேணும். மணல் சலிக்கறது, செங்கல்லைத் தண்ணியில ஊறப்போடறது, பட்டி தேய்க்கறது, பிரைமர் அடிக்கறது, கடைசியில சிந்தின கலவையைத் தரையிலேர்ந்து சுரண்டறது, இதெல்லாம் வெளியாளுங்க செஞ்சா எங்க சித்தாளுங்களுக்கு ரெண்டு நாள் மிச்சம். அவங்களை நான் அடுத்த வீட்டு வேலைக்குத் திருப்ப முடியும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமா படறது. ஒரே கம்பெனி தொடர்ந்து வந்தா ஆளுங்க தேறிடுவாங்க. எங்க கிட்ட ஏழு வருஷம் வந்த ஒரு கம்பெனியில ஒரு அம்மா, அக்கவுன்ட்ஸ்ல வேலை. ரெண்டாவது வருஷம் அவங்க எழுப்பின குளியலறைச் செவுரு, மேல போகப் போக முக்கால் இஞ்சு வெளிய வந்துடுச்சு. மறுநாள் நாலு வரிசை பிரிச்சோம். நான் அவங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா போன் போட்டு சொன்னேன், ஏன்னா அவங்க கேட்டிருந்தாங்க, 'எப்படி இருக்குன்னு சொல்லுங்க'ன்னு. அடுத்த சனிக்கிழமை தனியா வந்தாங்க. பிரிச்ச கல்லுல ஒட்டியிருந்த காரையை உக்காந்து கொத்தி எடுத்தாங்க, அதே செவுத்தைக் கொத்தனாரு பக்கத்துல நின்னு அவங்களே எழுப்பினாங்க. ஆறாவது வருஷம் வந்தப்ப புதுசா வந்த பசங்களுக்கு தூக்குக்குண்டு பிடிக்க அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. அந்த வீட்டுக்காரரு இன்னிக்கும் அந்தச் செவுத்தை 'அந்தம்மா செவுரு'ன்னுதான் சொல்றாரு. 12 கம்பெனி ஆளுக்கொரு வருஷம் வந்தா இது நடக்குமா?

இப்ப மறுபக்கம். இன்னொரு கம்பெனி மூணு வருஷம் நல்லா வந்தாங்க. நாலாவது வருஷத்துக்கு ஆறு வீடு ஆரம்பிச்சாச்சு, எல்லாம் லிண்டல் மட்டத்துக்கு வந்தாச்சு. அவங்க மேல எடத்துல ஆளு மாறினதும், இனிமே வேற திட்டம்னு ஒரே ஒரு கடிதம். ஆறு வீடும் அப்படியே நின்னுச்சு. ரெண்டு மழைக்காலம் மேல போச்சு. வெளிய நீட்டிட்டு இருந்த கம்பியெல்லாம் துரு ஏறிடுச்சு. மேல் வரிசைக் கல்லு பாசி பிடிச்சு பச்சையா ஆயிடுச்சு, அதை உடைச்சுட்டுதான் மறுபடி ஆரம்பிச்சோம். கம்பியைத் தேய்ச்சு, சில எடத்துல வெட்டிப் புதுசு சேர்த்தோம். அந்த ஆறு குடும்பத்துல ஒருத்தர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து, கூரையில்லாத அந்த வீட்டுக்குள்ள முளைச்ச செடியைப் பிடுங்கிட்டுப் போவாரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. அவரு கேக்காம போனதுதான் எனக்குத் தூக்கம் வராம பண்ணுச்சு. நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும், அவங்க பணம், அவங்க முடிவு. ஒரு வருஷம் முன்னாடியே சொல்லணும், ஆரம்பிச்ச வீட்டுக்குக் கூரை போட்டுட்டுத்தான் போகணும். உங்க ஒப்பந்தத்துல இந்த வரி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா எழுத வைங்க.

அமெரிக்காவோட முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஹேபிடாட்டோட வீடு கட்டப் போனதைப் பத்தி நான் எங்க பசங்களுக்கு அடிக்கடி சொல்வேன். 1984ல நியூயார்க்குல பாழடைஞ்ச ஆறு மாடிக் கட்டடம் ஒண்ணை 19 குடும்பத்துக்குச் சரி பண்ண மனைவியோட போனாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஒரு வாரம். 2019ல 95 வயசு. வீட்டுல விழுந்து நெத்தியில 14 தையல், கண்ணு கறுத்து வீங்கியிருந்தது. அப்படியும் நாஷ்வில் ஊருக்குப் போய் மரவேலை செஞ்சாரு. முன்னாள் ஜனாதிபதி ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போனா யாரும் ஞாபகம் வைச்சிருக்கப் போறதில்லை. அவரு திரும்பத் திரும்ப வந்தாரு.

கடைசியா ஒண்ணு, நீங்க கேக்காதது. கான்கிரீட் போட்டப்புறம் குறைஞ்சது ஏழு நாள் ஈரம் காயக் கூடாது. கூரைன்னா மேல பாத்தி கட்டித் தண்ணி தேக்கணும். ஏழு நாள்ல முழுப் பலத்துல மூணுல ரெண்டு பங்கு வரும், 28 நாள் கணக்குலதான் முழுசா பார்ப்போம். நீங்க பஸ்ஸுல போனப்புறம் அந்த ஏழு நாளும் காலையும் சாயங்காலமும் வந்து தண்ணி ஊத்தறது யாருன்னு நெனைக்கறீங்க? அந்த வீட்டுக்குக் குடிவரப் போற குடும்பம்தான். அடுத்த தடவை போறப்ப அவங்களோட நின்னு ஒரு நாள் தண்ணி ஊத்திட்டு வாங்க. நிறைய தெரிஞ்சுக்குவீங்க.

மூன்றாம்தளம்:

அண்ணா, இதைப் படித்து முடிக்க எனக்கு நேரமாயிற்று. அந்த எட்டுக் கல்லை நான் இதுவரை யோசிக்கவே இல்லை. நன்றி.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். முன்கூட்டிச் சொல்லும் காலம் 30 நாள் என்று இருக்கிறது. கூரை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பேரேடு ஐயா, தவணை தனி நிதிக்குத்தான் போகிறது என்று இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருடத்து ஆறு வீட்டில் ஒன்று முழுக்க அந்த நிதியிலிருந்து கட்டியதாம். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது.

இன்னொரு சந்தேகம். சாவி கொடுக்கும் விழாவுக்கு எங்கள் ஆட்கள் போவோம், வாசலில் கம்பெனி பெயரோடு ஒரு பலகை பதிப்போம். குடும்பங்களுக்கு அது எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்திலிருந்து யாராவது இருக்கிறீர்களா?

எங்கவீடு:

நான் இருக்கேன். இந்த மாதிரி கட்டின வீட்லதான் ஒன்பது வருஷமா குடியிருக்கோம். உங்க கம்பெனி இல்லை, வேற. நான் வழக்கமா இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை.

எங்க வீட்டுக்கு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, 300 மணி நேரம் உழைப்பு குடுக்கணும்னு. முதல் 150 மணி நேரம் வேற ரெண்டு பேரோட வீட்டுக்கு. எனக்கு அப்ப கோவமா வந்துச்சு. பகல் பூரா வேலைக்குப் போயிட்டு லீவு நாள்ல இன்னொருத்தர் வீட்டுக்கு மண்ணு சுமக்கணுமான்னு. இப்ப அந்த ரெண்டு பேரும் எனக்கு அடுத்த வீடும் எதிர் வீடும். எங்கம்மா ராத்திரி மூச்சு முட்டினப்ப முதல்ல ஓடி வந்தது எதிர் வீட்டு அக்காதான். அந்த மண்ணு சுமந்ததுல வந்த பழக்கம்.

வேலைக்குப் போனதுல இன்னொரு லாபமும் இருந்துச்சு. எங்கம்மாவுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான், வாசல்ல மூணு படி, குளியலறைக் கதவு குறுகலா. மத்த வீட்ல வேலை செஞ்சதுனாலதான் எனக்கு அது கண்ணுல பட்டுச்சு. எங்க வீட்டுக்குக் கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட சொன்னேன். படிக்குப் பதிலா சரிவு போட்டாங்க. கதவு நாற்காலி நுழையற அளவுக்கு வைச்சாங்க. சுவிட்ச் போர்டை அம்மா நாற்காலியில உக்காந்து கை நீட்டினா எட்டற உயரத்துக்கு எறக்கச் சொன்னேன், வயர் இழுக்கறவரு முதல்ல ஒத்துக்கலை, அப்புறம் அம்மாவையே கூட்டிட்டுப் போய் உக்கார வைச்சு அளவெடுத்தோம். குடிவந்த அன்னிக்கு ராத்திரி அம்மா அந்த லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சாங்க. பல வருஷமா ஒரு லைட்டுக்குக் கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது அவங்களுக்கு. சாவியைக் கையில குடுத்துட்டு முடிஞ்சுதுன்னு போயிருந்தா இது எதுவும் நடந்திருக்காது.

பலகை பத்தி கேட்டீங்க. எங்க வாசல்லயும் இருந்துச்சு. பெரிசா, அதுல 'பயனாளி'ன்னு எங்க பேரு. சொல்றதுக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா சொல்றேன். என் பொண்ணு ரெண்டாவது படிக்கறப்ப அவளோட படிக்கற பிள்ளை வந்து அதைப் படிச்சுட்டு, 'இது உங்க வீடு இல்லையா'ன்னு கேட்டிருக்கு. அவ ஒரு வாரம் யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வரலை. நாங்க மாசம் தவறாம தவணை கட்டிட்டு இருக்கோம். இது எங்க வீடுதான். நாங்க அஞ்சாறு பேரு சேர்ந்து போய் அந்த அமைப்புக்காரங்ககிட்ட சொன்னோம். கம்பெனிக்காரங்க தப்பா எடுத்துக்கலை. வாசல் பலகையெல்லாம் எடுத்துட்டு, தெரு முனையில ஒரே ஒரு சின்ன கல்லு வைச்சாங்க. கம்பெனி பேரும் வருஷமும் மட்டும். அதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பெருமையாத்தான் இருக்கு.

விழாவுக்கு வாங்க, சந்தோஷம்தான். ஆனா போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. குழந்தைங்ககிட்ட கேக்காம அவங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க. அப்புறம் நாலாவது வருஷம் எங்க கூரை ஒழுகினப்ப ரெண்டு பேர் வந்தாங்க, அந்தக் கம்பெனியோட கட்டடப் பராமரிப்பு ஆளுங்க. தண்ணி போற குழாய் பக்கத்துல தளத்து மேல் பூச்சு வெடிச்சிருந்தது. அரை நாள்ல சரி பண்ணிட்டாங்க. விழாவுக்கு யாரு வந்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு பேரு முகம் நல்லா ஞாபகம் இருக்கு.

பேரேடு:

இந்த அம்மா சொன்ன கூரை விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பழைய வீடுகளின் பழுதுக்கு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பங்கைத் தனியாக எழுதி வையுங்கள். 'பொது நிதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், புது வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசையில் அது கரைந்துவிடும். வருட அறிக்கையில் புது வீடுகள் எத்தனை என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அதன் கீழேயே போன வருடம் பழுது பார்த்த வீடுகள் எத்தனை என்று இன்னொரு வரி கேளுங்கள்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போனால் அது தாங்கக்கூடிய வீடு இல்லை என்று பல நாடுகளில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தவணையை மட்டும் வைத்து அதைக் கணக்கிடாதீர்கள். பழுதுச் செலவு குடும்பத்தின் தலையில் மொத்தமாக விழுகிற மாதத்தில் அந்தக் கணக்கு உடைந்துவிடும், தவணை நிற்பதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். நான் பார்த்த பேரேடுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

தூக்குக்குண்டு:

எங்கவீடு அக்கா, அந்த சுவிட்ச் போர்டு உயரத்தை நாளைக்கே எங்க சைட்ல பேசப் போறேன். எங்க பிளான்லயும் எல்லாருக்கும் ஒரே உயரம்தான். குடும்பத்தைக் கடைக்கால் போடறதுக்கு முன்னாடி வரச்சொல்லி, யாரு யாரு இருப்பீங்க, எப்படிப் புழங்குவீங்கன்னு கேட்டுட்டா எங்களுக்குக் கூடுதல் செலவு பெரிசா ஒண்ணும் இல்லை. பூசினப்புறம் கேட்டாத்தான் உடைக்கணும்.

தங்கச்சி, ஒண்ணு மறந்துட்டேன். நீங்க போறப்ப அந்தக் கொத்தனாரைத் தேடிப் பிடிச்சு அவர் பேரு என்னன்னு கேட்டுட்டு வாங்க. எங்க ஆளுங்களை யாரும் கேக்கறதில்லை.

மூன்றாம்தளம்:

குறிப்பை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன். ஒரு பக்கம் கேட்டார்கள், மூன்று பக்கம் ஆகிவிட்டது.

மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நிறுத்துவதானால் ஒரு வருடம் முன்பே சொல்வது, தொடங்கிய வீட்டுக்குக் கூரை போடுவது இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். நாற்பது பேர் ஒரே நாள் போவதை விட்டுவிட்டு, சூப்பர்வைசர் சொல்லும் நாட்களில் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மூன்று தடவை போவது, முடிந்தவரை அதே ஆட்கள் அடுத்த வருடமும் போவது. பழுதுக்குத் தனிப் பங்கு. வாசல் பலகை வேண்டாம் என்ற பத்திக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். எங்கவீடு அக்கா, உங்கள் பெண்ணுக்கு நடந்ததை, ஊர் பேர் எதுவும் இல்லாமல், அதில் சேர்த்துக்கொள்ளலாமா? நீங்கள் சரி என்றால்தான் அனுப்புவேன்.

பழைய 68 வீடுகளுக்கும் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும் என்று பட்டியலைத் தேடினேன். எங்கள் கோப்பில் கடைசி நான்கு வருடத்து வீடுகள் மட்டும்தான் இருக்கின்றன. முதல் எட்டு வருடத்துக்கு விழா போட்டோக்கள் இருக்கின்றன, முகவரி ஒன்றுகூட இல்லை. அமைப்பில் கேட்டிருக்கிறேன், அவர்களிடம் எல்லாம் இருக்கிறதாம். குடும்பங்களிடம் கேட்டுவிட்டு, சம்மதம் சொல்பவர்களின் எண்ணை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். முதல் வருடத்து நான்கு வீடுகளில் மூன்று பேர் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

அண்ணா, கொத்தனார் இப்போது வேறு சைட்டில் இருக்கிறாராம். பெயர் தெரிந்துகொண்டேன்.

எங்கவீடு:

சேர்த்துக்கங்க. பொண்ணுகிட்டயும் கேட்டேன், சரின்னுட்டா.